நூறு ஓசையில் ஒரு குரல்



தோட்டத்துக் கோயில் திருவிழா ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. தோட்டங்கள் பல மூடப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிறகும், திருவிழாவுக்கு மட்டும் பழைய கோயிலைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன. சற்றுத் தள்ளி உறுமி மேளம். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல். விளக்குகளுக்காக வைத்த ஜெனரேட்டர் ஒரு மூலையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. பல நாள் காணாத உறவுக்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே எங்கோ பின்னாலிருந்து ஒரு குழந்தை "அம்மா" என்று கூப்பிடுகிறது. கூட்டத்தில் தாய்மார் பலர் நிற்கிறார்கள். ஆனால் சட்டென்று திரும்பிப் பார்ப்பவர் அந்தக் குழந்தையின் தாய்.

அதே கோயிலின் படிக்கட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். செம்பனை ஆலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். யார் வந்து பேசினாலும் சிரிக்கிறார், தலையாட்டுகிறார். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார். காது மந்தம் என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். பெரியவரோ ஒப்புக்கொள்வதில்லை. "காது கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கமாட்டேன் என்கிறது" என்கிறார். நம் குடும்பங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. அவர் சொல்வது சாக்கு அல்ல, முழு உண்மை. இன்றைய பேச்சு அந்தத் தாயைப் பற்றியது. இந்தப் பெரியவரையும் பற்றியது.

முதலில் இதில் என்ன அதிசயம் என்று பார்ப்போம். ஓசை என்பது காற்றின் அசைவு. தவிலும் ஜெனரேட்டரும் குழந்தையின் குரலும் தனித்தனியே காற்றை அசைத்தாலும், காதின் வாசலுக்கு வரும்போது அவை எல்லாம் சேர்ந்து ஒரே அசைவாகிவிடுகின்றன. செவிப்பறை என்பது ஒரு மெல்லிய தோல். அது உள்ளே போகும், வெளியே வரும். அதற்கு வேறு வேலை தெரியாது. பத்துப் பேர் வெட்டிக் கொண்டுவந்த பாலை ஸ்டோரில் ஒரே தொட்டியில் ஊற்றியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எது யார் கொண்டுவந்த பால் என்று எந்தக் கிராணியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தானே ஊற்றுவதற்கு முன்பே நிறுத்துக்கொள்கிறார்கள்! ஆனால் கலந்துபோன ஓசையில் இது குழந்தை, இது தவில், இது இயந்திரம் என்று நம் செவி ஒவ்வொரு நொடியும் பிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எப்படி?

இந்தக் கேள்விக்கு நூற்றறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863ஆம் ஆண்டில் ஓசையின் உணர்வுகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் மருத்துவம் படித்தவர். பௌதிகத்திலும் பெரும்புலமை உடையவர். அந்த நூலில் அவர் ஒரு நடன மண்டபத்தைக் காட்டுகிறார். வாத்தியங்கள் ஒலிக்கின்றன, ஆண்களும் பெண்களும் பேசுகிறார்கள், ஆடைகள் சரசரக்கின்றன, கண்ணாடிக் குவளைகள் மோதுகின்றன. அந்த மண்டபத்துக் காற்றில் இத்தனை அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிக் கிடந்தாலும் செவி அவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்கிறதே என்று அவர் வியந்தார். அவருடைய நடன மண்டபமும் நம்முடைய கோயில் வாசலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு முன்பே இருவர் வழி போட்டிருந்தார்கள். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்ற கணக்கை 1822இல் பிரெஞ்சுக்காரரான ஃபூரியே நிறுவினார். செவி செய்வதும் அதே கணக்குத்தான் என்று 1843இல் கூறியவர் ஜார்ஜ் ஓம். பள்ளியில் மின்சாரப் பாடத்தில் வரும் அதே ஓம்தான். உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு சிறு குழல் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. பியானோவின் கம்பிகள்போல் அந்தச் சவ்வின் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சுரத்துக்கு அசைகிறது என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருத்து. பின்னாளில் ஹங்கேரி நாட்டின் ஜார்ஜ் வான் பெக்கெஷி இறந்தோரின் உள்காதைத் திறந்து, நுண்ணோக்காடியின் கீழ் அந்த அசைவைக் கண்ணாலேயே பார்த்தார். தனித்தனிக் கம்பிகளாக அல்ல, சவ்வின்மீது ஓர் அலை ஓடிப் போகிறது என்று கண்டார். கீச்சென்ற ஓசைக்கு அலை வாசல் பக்கத்திலேயே உயர்ந்து அடங்கிவிடும். கனத்த ஓசைக்குக் கடைக்கோடிவரை போகும். இந்த ஆராய்ச்சிக்காக 1961இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, செவி ஓசையைப் பிரிக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் எதை எதாகப் பிரிக்கிறது? இங்கேதான் சிக்கல். உள்காது ஓசையைச் சுரம் சுரமாகத்தான் கூறுபோடுகிறது, ஆள் ஆளாக அல்ல. குழந்தையின் குரலில் கனத்த கூறும் உண்டு, மெல்லிய கூறும் உண்டு. நாதசுரத்திலும் அப்படியே. இரண்டின் கூறுகளும் சவ்வின்மேல் பக்கத்துப் பக்கத்தில், சில வேளை ஒரே இடத்தில், கலந்து விழுகின்றன. பத்துத் துணிகளைக் கிழித்து, நிறம் நிறமாக அடுக்கி வைத்ததுபோல்தான் இது. எந்தத் துண்டு எந்தச் சேலையைச் சேர்ந்தது என்று பார்த்து மறுபடியும் ஒட்டவைக்க ஒருவர் வேண்டுமே! அந்த ஒட்டுவேலை எப்படி நடக்கிறது?

ஒட்டுவேலைக்குரிய முதல் அடையாளத்தை விளங்கிக்கொள்ள நம் மிருதங்கமே துணைசெய்யும். திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி. இராமனை ஒளி ஆராய்ச்சிக்காக உலகம் அறியும். அந்தக் கண்டுபிடிப்பு 1928இல் வந்தது. நோபல் பரிசு 1930இல் வந்தது. அதற்கு முன்பே கல்கத்தாவில் அவர் நம் வாத்தியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் ஓசையைப் பற்றிச் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920இல் ஒரு கட்டுரை எழுதினார். 1934இல் மறுபடியும் அதை விரிவாக எழுதினார்.

வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் பல ஓசைகள் எழும். ஆனால் அவற்றுக்குள் ஒழுங்கான கணக்கு இராது. அதனால்தான் தப்பில் தாளம் பிறக்கும், அதிர்வு பிறக்கும். பாட்டோடு சேரும் சுரம் பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக ஒரு கரணை பூசியிருக்கிறதே, அது தோலின் நடுவைக் கனமாக்கி அந்த ஓசைகளை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அடிச்சுரம் ஒன்று என்றால் மற்றவை அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று அமைகின்றன. இப்படி மடங்குக் கணக்கில் நிற்கும் ஓசைகளைச் செவி பலவாகக் கேட்பதில்லை. ஒரே சுரமாக ஒட்டிக் கேட்கிறது. மனிதக் குரலும் இதே மடங்குக் கணக்கில் அமைந்ததுதான். குழந்தையின் குரலுக்கு ஓர் அடிச்சுரம், பக்கத்தில் பேசும் மாமாவின் குரலுக்கு வேறோர் அடிச்சுரம். இந்தந்தக் கூறுகள் இந்த அடிச்சுரத்தின் மடங்குகள், ஆகையால் இவை ஓர் ஆளுடையவை என்று மூளை கணக்குப் போடுகிறது. பள்ளிக்கூடமே போகாதவர் மூளையும் இந்தக் கணக்கில் தவறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கரணை பூசிப் பூசிக் கேட்டு இந்த உண்மையைக் கையாலேயே கண்டறிந்த தொழிலாளிகளின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம்.

இரண்டாவது அடையாளம் திசை. இதை நாமே சோதித்துப் பார்க்கலாம். பாசார் மாலாமில் நடந்து போகும்போது ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். ஓசை அதிகம் குறையாது. ஆனால் அதுவரை இந்தப் பக்கம் ஒரு வியாபாரி, அந்தப் பக்கம் ஒரு பாட்டு என்று விரிந்து கிடந்த சந்தை திடீரென்று ஒரே மொத்தையாகிவிடும். பேரம் பேசுவதும் கடினமாகிவிடும். இரண்டு காது எதற்கு என்பதை இங்கிலாந்தின் ரேலி பிரபு நெடுங்காலம் ஆராய்ந்தார். 1904இல் பௌதிக நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒருவரைக் கண்ணை மூடி நிற்க வைத்து, சுற்றிலும் ஆட்களை நிறுத்திப் பேசச் செய்து, குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லச் சொல்லிய சோதனைகள் எல்லாம் அவர் செய்தவை. 1907 பிப்ரவரியில் வெளிவந்த கட்டுரையில் அவர் தம் முடிவைச் சொன்னார். வலப்பக்கமிருந்து வரும் ஓசை வலக்காதுக்கு முந்தி வருகிறது, இடக்காதுக்குப் பிந்தி வருகிறது. கீச்சென்ற ஓசையாக இருந்தால் தலையே ஒரு மறைப்பாகி இடக்காதுக்கு ஓசையைக் குறைத்துவிடுகிறது. இந்த முந்திப் பிந்தி என்பது எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. பழகிய செவி நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் உணரும் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

அதே 1907ஆம் ஆண்டு, ரேலியின் கட்டுரை வந்த மறு மாதம், சென்னையில் நடந்த வேறொரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாகவேண்டும். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் இருவரும் தொட்டது ஒரே புதிரின் இரண்டு பக்கங்களை.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். இஸ்லாமியர், சைவ, வைணவ நூல்களிலும் ஆழ்ந்தவர், சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர். 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர்கள் கூடிய அவையில் அவர் சதாவதானம் செய்துகாட்டினார். அவதானம் என்றால் கவனம். ஒரே அமர்வில் எட்டுச் செய்திகளில் கவனம் வைப்பது அட்டாவதானம், பத்தில் வைப்பது தசாவதானம், நூறில் வைப்பது சதாவதானம். அவதானம் நடக்கும் அவையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் ஆண்டும் தேதியும் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் புராணத்தில் ஐயம் எழுப்புவார். இன்னொருவர் நினைத்தபோதெல்லாம் மணி அடிப்பார். வேறொருவர் முதுகின்மேல் சிறு கல்லோ நெல்லோ எறிவார். கடைசியில் அவதானி வெண்பாவையும் முடிக்கவேண்டும், கணக்கையும் சொல்லவேண்டும், மணி எத்தனை முறை அடித்தது, கல் எத்தனை விழுந்தது என்பதையும் தவறாமல் சொல்லவேண்டும். பாவலர் 1950இல் மறைந்தார். இந்திய அஞ்சல்துறை 2008இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

பாவலர் நூறு பேர் பேச்சை ஒரே நேரத்தில் கேட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. அது அவருக்குப் பெருமை சேர்க்கும் என்று நினைத்துச் சொல்வது. ஆனால் உண்மை அதைவிட நுட்பமானது. நூறு பேர் ஒரே நொடியில் வாய் திறந்தால் எந்த மனிதராலும் நூறு பேச்சையும் பிடிக்க முடியாது. அவதானி ஒவ்வொன்றாக மாறி மாறிக் கவனத்தைச் செலுத்துகிறார். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து பிடிக்கிறார். பேச்சின் நடுவே விழும் மணியோசை மட்டும் வேறு வகை. அது பேச்சோடு கலக்காமல் தனியே நிற்கிறது. இதை அவதானிகள் பயிற்சியால் அறிந்திருந்தார்கள். சோதனைச்சாலையில் அது நிறுவப்பட 1953வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வானில் விமானங்கள் பெருகின. விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவருக்குப் பல விமானிகளின் குரல் ஒரே ஒலிபெருக்கியில் வந்து குழம்பியது. தவறாகக் கேட்டால் உயிர் போகும். ஆகவே இந்தப் புதிருக்கு அவசரம் வந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் செர்ரி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தங்கியிருந்தபோது சில சோதனைகள் செய்து 1953இல் வெளியிட்டார். அவை மிக எளிய சோதனைகள். ஓர் ஒலிநாடாப் பெட்டியும் காதில் மாட்டும் கருவியும் போதும்.

ஒரே ஆள் படித்த இரண்டு பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து போட்டுக்காட்டினார். குரலும் ஒன்று, திசையும் ஒன்று. கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்ப நாடாவை ஓடவிட்டு, பொருளை வைத்து ஊகித்து, வெகு பாடுபட்டுத்தான் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். மேடைகளில் அடிபட்டுத் தேய்ந்த சொற்றொடர்களை மட்டும் கோத்து இரண்டு பகுதி செய்து போட்டபோதோ, அதுவும் முடியவில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க அவற்றில் பொருள் தொடர்ச்சி இல்லை. நம் மேடைகளில் இரண்டு பேச்சாளரை ஒரே நேரத்தில் பேசவிட்டாலும் இந்த முடிவுதான் வரும் என்று தோன்றுகிறது.

பிறகு செர்ரி ஒரு பேச்சை வலக்காதுக்கும் மற்றொன்றை இடக்காதுக்கும் அனுப்பினார். வேலை உடனே எளிதாகிவிட்டது. ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னால் யாரும் சொன்னார்கள். அப்போது மறு காதில் என்ன கேட்டது என்று விசாரித்தார். பேச்சுக் கேட்டது என்பதைத் தவிர ஒரு சொல்லும் அவர்களுக்கு நினைவில்லை. நடுவில் ஆங்கிலம் ஜெர்மன் மொழியாக மாறியதையே பலர் கவனிக்கவில்லை! ஆனால் ஆண் குரல் பெண் குரலாக மாறினால் தெரிந்தது. ஒரு சுரத்தை ஊதினால் தெரிந்தது. அவதான அவையின் மணியோசை இதுதான். கவனிக்காத பேச்சின் பொருள் வாசலோடு நின்றுவிடுகிறது. ஓசையின் தன்மை மட்டும் உள்ளே வருகிறது.

இதைக் கொண்டு கேம்பிரிட்ஜில் டொனால்ட் பிராட்பென்ட் 1958இல் ஒரு கொள்கை வகுத்தார். மூளைக்கு ஒரு வடிகட்டி இருக்கிறது, வேண்டாததை அது வாசலிலேயே தடுத்துவிடுகிறது என்றார். கொள்கை அழகாக இருந்தது, ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1959இல் நெவில் மொரே, கவனிக்காத காதில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. வாசலிலேயே தடுத்திருந்தால் எப்படிக் கேட்கும்? ஆன் டிரீஸ்மன் என்ற பெண் அறிஞர் 1960இல் ஆக்ஸ்போர்டில் இன்னொன்றைக் கண்டார். வலக்காதில் ஓடிக்கொண்டிருந்த வாக்கியத்தின் மீதி திடீரென்று இடக்காதுக்குத் தாவினால், கேட்பவரும் தம்மை அறியாமல் ஒன்றிரண்டு சொல்லுக்கு அதன் பின்னால் தாவிவிடுகிறார். ஆகவே வடிகட்டி முழுதாக அடைப்பதில்லை. ஓசையைத் தணித்து வைக்கிறது. நமக்கு முக்கியமான சொல் தணிந்து வந்தாலும் பிடிபட்டுவிடும் என்பது அவர் கருத்து.

பழகிய குரலுக்கு உள்ள சலுகையைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013இல் காட்டினார்கள். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரை அழைத்து, இரண்டு குரல்களைக் கலந்து கேட்கச் செய்தார்கள். கணவன் அல்லது மனைவியின் குரலைப் பிரித்துப் புரிந்துகொள்வது எளிதாக இருந்தது. அந்தக் குரலை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கேட்பதும், நடுவயதினருக்கு, எளிதாகவே இருந்தது! வீட்டில் எது நடக்கிறது என்பதை நேயர்களே அறிவீர்கள். திருவிழாக் கூட்டத்தில் திரும்பிப் பார்த்த தாய்க்குப் பிள்ளையின் குரல் இப்படிப் பழகிய குரல்.

துண்டுகளை ஒட்டும் வேலையை முழுமையாக எழுதியவர் மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பிரெக்மன். 1990இல் வந்த அவருடைய பெருநூலில் ஓர் உவமை உண்டு. ஏரிக்கரையில் இரண்டு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கைக்குட்டையைக் கட்டுங்கள். ஏரியைப் பார்க்காமல் அந்தக் கைக்குட்டைகளின் அசைவை மட்டும் பார்த்து, ஏரியில் எத்தனை படகு, எது எங்கே போகிறது, காற்று வீசுகிறதா என்று சொல்லுங்கள் என்கிறார் அவர். கைக்குட்டைகள்தாம் நம் செவிப்பறைகள். மூளை இதைச் சொல்லிவிடுகிறது. ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிற்பவை ஒன்றைச் சேர்ந்தவை. சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குபவை ஒன்றைச் சேர்ந்தவை. மாறாமல் நிற்பது பின்னணி. ஒத்து நாதசுரம் ஒரே சுரத்தில் நின்றுகொண்டே இருப்பதால்தான் சிறிது நேரத்தில் அதை மறந்து பாட்டை மட்டும் கேட்கிறோம். ஜெனரேட்டர் நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் மூளைமேல் மின்முனை வைத்து 2012இல் செய்த ஆராய்ச்சியில், இருவர் பேச்சைக் கலந்து போட்டபோது, கவனித்த ஆளின் பேச்சே மூளையின் கேள்விப் பகுதியில் மேலோங்கிப் பதிந்திருந்தது. மற்றவர் பேசாததுபோலவே இருந்தது.

இப்போது படிக்கட்டில் இருக்கும் பெரியவரிடம் வருவோம்.

உள்காதின் சவ்வின்மேல் மயிர்போன்ற நுனிகளை உடைய நுண்ணிய உயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. சவ்வின் அசைவைக் கூர்மையாக்கி, இந்தச் சுரம் வேறு, பக்கத்துச் சுரம் வேறு என்று பிரித்துக் காட்டுபவை அவை. ஆலையின் இரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்றால் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் பழுதாவது மெல்லிய, கீச்சென்ற ஓசைகளைப் பிடிக்கும் பகுதி. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து வேறுபடுத்தும் மெய்யெழுத்துகள் பலவற்றின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. அத்தோடு, எஞ்சிய பகுதியின் கூர்மையும் மழுங்குகிறது. துண்டு துண்டாக வரவேண்டியது மொத்தையாக வருகிறது. மூளை நன்றாகத்தான் இருக்கிறது. ஒட்டுவதற்குச் சரியான துண்டுகள் அதற்குக் கிடைப்பதில்லை. ஆகவே அமைதியான அறையில் ஒருவர் பேசினால் அவருக்கு விளங்குகிறது. கூட்டத்தில் விளங்குவதில்லை. காது கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை என்று அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

இன்னொன்றும் 2009இல் தெரியவந்தது. பாஸ்டன் நகரில் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு இரண்டு மணி நேரம் கடும் இரைச்சலைக் கேட்கச் செய்தார்கள். சில நாளில் அவற்றின் கேட்கும் திறன் அளவுகோலில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் உயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள், சில இடங்களில் பாதியளவு, அற்றுப்போயிருந்தன. மனிதரிடம் இது எவ்வளவு நடக்கிறது என்ற ஆராய்ச்சி நடந்துவருகிறது. பரிசோதனையில் காது சரி என்று சீட்டு வாங்கியவரும் கூட்டத்தில் திண்டாடுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

நாம் குறிப்பிட்ட பெரியவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் ஆலையில் யாரும் காதடைப்பான் தரவில்லை. பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொண்டார்களாம். மலேசியாவில் 1989இல் தொழிற்சாலை இரைச்சலுக்கு விதிகள் வந்தன. 2019 ஜூன் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. அவற்றின்படி எட்டு மணி நேர வேலைக்கு இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டக்கூடாது. முன்பு அந்த எல்லை 90 ஆக இருந்தது. எல்லையைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை செய்யவேண்டியது முதலாளியின் கடமை. இரைச்சலால் வரும் செவிக்குறை பெர்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு. ஒரு கை நீட்டம் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சல் காதுக்கு ஆகாத அளவில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். ஆலைக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். ஓசைகளைப் பிரிக்கும் திறமை பிறந்தவுடன் முழுதாக வந்துவிடுவதில்லை. இரைச்சலில் பேச்சைப் பிடிப்பதில் சிறுவர்கள் பெரியவர்களைவிடப் பின்தங்கியே இருப்பார்கள். பதின்வயதில்தான் அது முதிர்கிறது. ஒரே கூடத்தில் தடுப்பில்லாமல் இரண்டு மூன்று வகுப்பு நடந்த பழைய தோட்டப் பள்ளிகள் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். தகரக் கூரைமேல் மழை பெய்தால் ஆசிரியரின் வாயசைவுதான் தெரியும். பின்வரிசையில் சளியும் காதுவலியுமாக உட்கார்ந்திருந்த பிள்ளை பதில் சொல்லாவிட்டால், கவனமில்லை என்று அடி விழுந்தது. அப்படி அடிவாங்கியவர்களில் நாமும் ஒருவர்.

நம் பெரியவர் இப்போதெல்லாம் கலியாண வீட்டுக்கே வருவதில்லை. பெருமை பிடித்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். மருமகள் வேறு வழி கண்டிருக்கிறார். பேசவேண்டுமென்றால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறார். முதுகுப் பக்கமிருந்தும் சமையலறையிலிருந்தும் கூப்பிடுவதில்லை. முன்னால் வந்து, வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, கத்தாமல், சற்று நிதானமாகப் பேசுகிறார். இரைச்சலில் உதட்டைப் பார்ப்பது பேச்சு விளங்கப் பெரிதும் உதவும் என்று 1954இலேயே இரண்டு அமெரிக்கர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மருமகள் அதைப் படித்ததில்லை. கடையில் மலிவாக வாங்கிய ஒலி கூட்டும் கருவி ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. அது தவிலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது என்று சொல்லிப் பெரியவர் கழற்றி வைத்துவிட்டார். அடுத்த மாதம் குளுவாங் மருத்துவமனையில் செவிப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறார்கள்.